அந்த வரிசை யாருக்கான ஆதரவு?

வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் மிகவும் அஞ்ச வேண்டியது, விளக்கமே தேவையில்லை என்று தோன்ற வைக்கும் புகைப்படத்துக்குத்தான். 2022 ஏப்ரலில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து அப்படி ஒன்று வந்தது. ரஷ்யத் தூதரகத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான ஆண்கள் வரிசையில் நின்றார்கள். உக்ரைனில் ரஷ்யாவுக்காகப் போரிட அவர்கள் தயாராம். ‘ஆப்பிரிக்கா புதின் பக்கம்’ என்று தலைப்பு வைக்க அரை நிமிடம் போதும்.

செய்தியை முழுதாகப் படித்தால் கதை வேறு. படையில் சேர்ந்தால் 2,000 டாலர், பிறகு ரஷ்யாவிலேயே வேலை என்று ஊருக்குள் ஒரு வதந்தி. வாசலில் இருந்த எத்தியோப்பியக் காவலர்கள் பெயரைக் குறித்துக்கொண்டு, ராணுவத்தில் பணியாற்றியதற்கான சான்றைக் கேட்டார்கள். அபிமானம் தெரிவிக்க வந்தவரிடம் பணிச் சான்று எதற்கு? ஆதரவு தெரிவிக்கத்தான் வருகிறார்கள், நாங்கள் ஆள் எடுக்கவில்லை என்றது தூதரகம். அந்த ஆண்டு அங்கே பணவீக்கம் 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. வடக்கே டீக்ராய் பகுதியில் எத்தியோப்பிய அரசுக்கும் அப்பகுதிப் படைகளுக்கும் இடையிலான போரும் முடிந்தபாடில்லை.

அதற்காக, ரஷ்யா மீது அங்கே பற்றே கிடையாது என்று எழுதினால் அதுவும் பிழை. 1896இல் அட்வாவில் எத்தியோப்பியா இத்தாலியைத் தோற்கடித்த பின், காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்க ரஷ்யச் செஞ்சிலுவை மருத்துவர்கள் வந்தார்கள். டீக்ராய் விவகாரம் ஐ.நா. பாதுகாப்பு அவைக்குப் போனபோது, எத்தியோப்பிய அரசு மீதான கடும் நடவடிக்கைக்கு ரஷ்யாவும் சீனாவும் இடம் கொடுக்கவில்லை. அமெரிக்காவோ மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி, எத்தியோப்பியப் பொருள்களுக்கு அளித்துவந்த இறக்குமதி வரிச்சலுகையை 2022 ஜனவரி முதல் நிறுத்தியது. அந்தச் சலுகையை நம்பித்தான் எத்தியோப்பியாவின் ஹவாசா நகரத் தொழிற்பேட்டையில் இளம்பெண்கள் ஏற்றுமதி ஆடைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் வாஷிங்டன் மீது கோபம் எழ, உக்ரைன் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஐ.நா. வாக்குப் பட்டியலை மக்கள் கருத்தாக எடுத்துக்கொள்வது இன்னொரு சோம்பேறித்தனம். 2022 மார்ச் 2 அன்று ரஷ்யாவைக் கண்டித்த தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன. எத்தியோப்பியா வாக்கெடுப்பிலேயே கலந்துகொள்ளவில்லை. அது அரசின் கணக்கு. வரிசையில் நின்றவர்களின் கணக்கு வேறு.

அதே மார்ச்சில் நைஜீரியத் தலைநகர் அபுஜாவிலும் இளைஞர்கள் ஒரு தூதரகத்துக்குப் படையெடுத்தார்கள். அது உக்ரைன் தூதரகம். அந்நாட்டுக்காகப் போரிட அவர்கள் பெயர் கொடுக்க, கூலிப்படைக்கு ஆள் சேர்க்க அனுமதிக்க மாட்டோம் என்று நைஜீரிய அரசு அறிவித்தது.