பெரிய சில்லு, சின்ன என்ஜின்: வீட்டில் கட்டும் பழைய பாணிப் பந்தயக் கார்

1924இல் பிரான்சின் லியோன் பந்தயத்துக்கு வந்த புகாட்டி 35இன் படத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது சில்லுதான். உயரமான, ஒடுங்கிய நான்கு சில்லுகளும் வெளியே நிற்க, உடல் அவற்றுக்கிடையே தாழக் கிடக்கும். அந்தத் தோற்றத்தை மூன்றில் இரண்டு பங்கு அளவில் கட்ட வன்னியில் சாமானுக்குப் பஞ்சமில்லை. தோட்டத்து வாட்டர் பம்பின் என்ஜின், கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள்களின் 17 அங்குலச் சில்லுகள், லாண்ட்மாஸ்டருக்கு (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டி ஒட்டும் பட்டறை, வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு கடைசல்காரர் இருந்தால் போதும். கோ-கார்ட் (சின்னச் சில்லுப் பந்தய வண்டி) வரைபடத்தை எடுத்து, சில்லை மட்டும் பெரிதாக்கிக் கட்டும்போதுதான் வண்டி கெடுகிறது. சில்லு பெரிதானால் கியர், அச்சு, ஸ்டியரிங் எல்லாவற்றின் கணக்கும் மாறும்.

கியரில் தொடங்குவோம். 2.50-17 ரயர் போட்ட சில்லின் விட்டம் ஏறத்தாழ 56 செ.மீ. ஒரு சுற்றில் 1.75 மீற்றர் போகும். கோ-கார்ட் சில்லு இதில் பாதிதான். 163 அல்லது 196 சி.சி. பம்பு என்ஜினை அதன் கவனர் (சுற்று மீறாமல் தடுக்கும் கருவி) நிமிடத்துக்கு 3600 சுற்றில் நிறுத்திவிடும். இதில் பூட்டும் மையநீக்கக் கிளச் ஏறத்தாழ 2000 சுற்றில் முழுதாகப் பிடிக்கும். அதற்குக் கீழே அதன் சப்பாத்துகள் டிரம்மில் தேய்ந்து நழுவும். 6க்கு 1 (என்ஜின் ஆறு சுற்றுக்குச் சில்லு ஒரு சுற்று) என்று கியர் வைத்தால் உச்ச வேகம் 63 கி.மீ. வருகிறது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 2000 சுற்றில் வண்டியின் வேகம் என்ன? 35 கி.மீ. அந்த வேகத்தைத் தொடும்வரை கிளச் நழுவிக்கொண்டே இருக்கும். அறுவடை முடிந்த வயலில் 35ஐத் தொடுவதற்குள் வரம்பு வந்துவிடும். டிரம் நீலம் பாரித்து, கருகல் மணம் வந்து, ஒரு பின்னேரத்தில் கிளச் முடிந்துவிடும்.

9க்கு 1 என்பதே எங்கள் சிபாரிசு. உச்சம் 42 கி.மீ., கிளச் பிடிப்பது 23இல். தரையோடு தரையாக உட்கார்ந்து புழுதிக்குள் போகிறவருக்கு 42 தாராளம். ஒரே செயினில் 9 மடங்கு எடுக்க 90 பல் தேவை; அவ்வளவு பெரிய பற்சில்லு கல்லில் அடிபடும். ஆகவே நடுவில் ஓர் இடைத்தண்டு போட்டு இரண்டு படியாகக் குறைக்க வேண்டும்: கிளச்சின் 10 பல்லிலிருந்து 30க்கு, பிறகு மோட்டார் சைக்கிளின் 14இலிருந்து 42க்கு. சைக்கிள் செயினின் கண்ணிக்கும் 428 மோட்டார் சைக்கிள் செயினின் கண்ணிக்கும் இடைவெளி ஒன்றுதான், 12.7 மி.மீ. அதை நம்பிச் சைக்கிள் செயினைப் போட வேண்டாம். அது ஒடுங்கியது, தடித்த பல்லில் இறங்காது. இறங்கினாலும் இந்த இழுவையில் அறும்.

என்ஜின் வாங்கும்போது தண்டைப் பாருங்கள். பம்போடு நேரே பூட்டி வருகிற என்ஜின்களில் தண்டு நுனியில் மரை வெட்டியிருப்பது வழக்கம், தண்ணீர் தள்ளும் இதழ்ச்சில்லு திருகி ஏறுவதற்காக. அதில் கிளச் ஏறாது. சாவிக்காடியுள்ள 19.05 மி.மீ. நேர்த்தண்டுதான் வேண்டும். இந்த வகை என்ஜின்களின் தண்டு, நுனிக்கு நேரே நின்று பார்த்தால், இடஞ்சுழியாகச் சுற்றும். எனவே தண்டு வண்டியின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வலப்பக்கம் வைத்தால் வண்டி பின்னுக்குப் போகும். கூடுதல் வேகத்துக்காகக் கவனரைக் கழற்றுவது பலருக்கும் வரும் யோசனை. அளவு மீறிய சுற்றில் கனெக்டிங் ரொட் முறிந்து என்ஜின் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், அதுவும் உங்கள் முதுகுக்குப் பின்னால்.

அடுத்தது முன் அச்சு. இதில்தான் ஆபத்து அதிகம். மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும்; அதன் சில்லு பக்கவாட்டுத் தள்ளலை அவ்வளவாக அறியாது. அச்சையும் முன் முள்ளின் (ஃபோர்க்) இரு காலும் இரு நுனியில் தாங்கும். காரில் சில்லு சாயாது, அச்சையும் ஒரு நுனியில் மட்டுமே பிடித்திருக்கிறோம். வளைவில் ஒரு முன்சில்லில் 300 நியூட்டன், அதாவது சுமார் 30 கிலோ பாரம், பக்கவாட்டில் தள்ளுகிறது என்று வையுங்கள். தரைக்கும் அச்சுக்கும் இடையே 28 செ.மீ. நெம்பு. வளைக்கும் திருப்பம் 84 நியூட்டன் மீற்றர். 12 மி.மீ. அச்சில் இது 495 மெகாபஸ்கால் தகைப்பைத் தரும். மெல்லுருக்கு (மைல்ட் ஸ்டீல்) ஏறத்தாழ 250இலேயே வளைந்துவிடும். 20 மி.மீ. ஆக்கினால் 107தான். விட்டத்தின் மும்மடிக்கேற்ப வலிமை ஏறுவதால் 8 மி.மீ. கூட்டியதற்கு நாலரை மடங்குக்கு மேல் கிடைக்கிறது.

சில்லின் கும்பத்தை (நடுக்கூட்டை) மாற்றாமலே இதைச் செய்யலாம். பல சில்லுகளில் இருக்கும் 6301 பெயாரிங்கின் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37 மி.மீ. 6904க்கும் வெளிவிட்டம் 37தான், உள்விட்டமோ 20. அகலம் 3 மி.மீ. குறைவு, கடைசல்காரர் ஒரு வளையம் போட்டு நிரப்புவார். நடுக்குழாயையும் பிறேக் தட்டின் துளையையும் 20க்கு மாற்ற மறக்கக் கூடாது. நடுக்குழாய் சரியான நீளத்தில் இல்லாவிட்டால் நட்டை இறுக்கும்போது பெயாரிங் நெரிந்து சூடேறும்.

பிறேக் தட்டுகள் இரண்டும் உட்பக்கம் வருவதால் ஒரு டிரம் தட்டைப் பொறுத்து எதிர்த்திசையில் சுற்றும். ஒற்றைக் காம் (பிறேக் சப்பாத்தை விரிக்கும் துண்டு) உள்ள டிரம்முக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. இரட்டைக் காம் என்றால் ஒரு பக்கம் பிடி தளர்ந்து வண்டி மறுபக்கம் இழுக்கும்.

ஸ்டியரிங்கில் இரு முன்சில்லும் ஒரே கோணத்தில் திரும்பக் கூடாது. உட்சில்லு கூடத் திரும்ப வேண்டும். 1817இல் மியூனிக்கின் லாங்கென்ஸ்பெர்கர் கண்ட இந்த வழிக்கு, அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்த அக்கர்மனின் பெயரே நிலைத்துவிட்டது. முன் பின் அச்சுகளுக்கிடையே 168 செ.மீ., கிங்பின்களுக்கு (முன்சில்லு இடமும் வலமும் திரும்பும் ஊசிகள்) இடையே 80 செ.மீ. என்றால், உட்சில்லு 30 பாகை திரும்பும்போது வெளிச்சில்லு 24.4 திரும்ப வேண்டும். பின் அச்சின் நடுப்புள்ளியை நோக்கி ஸ்டியரிங் கைகளைச் சாய்த்தால் இதற்கு மிக அருகில் வரும். 10 செ.மீ. கை 2.3 செ.மீ. உள்ளே சாயும், இரு கைகளையும் சேர்க்கும் இணைப்புக் கம்பி 75.4 செ.மீ. இணைப்புக் கம்பியை அச்சுக்கு முன்னால் கொண்டுபோனால் கைகள் வெளியே சாய வேண்டும். பெரும்பாலும் சில்லுக்கம்பி இடமளிக்காது. கிங்பின்னின் மேல்நுனியைப் பின்னுக்கு 10 பாகை சாய்த்து ஒட்டினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும்.

பின் அச்சு 25 மி.மீ. தண்டு, இரண்டு யூசிபி 205 பெயாரிங் கூடுகளில். ஒரு சில்லை மட்டும் தண்டோடு பூட்டி மற்றதைச் சும்மா சுற்ற விடுங்கள். சில்லுகளின் இடைவெளி 91 செ.மீ. என்றால், வட்டம் எவ்வளவு பெரிதானாலும், ஒரு முழுச் சுற்றுக்கு வெளிச்சில்லு 5.7 மீற்றர் கூட ஓட வேண்டியிருக்கும். இரண்டையும் பூட்டினால் அந்த வித்தியாசத்தை ரயரும் செயினும்தான் தாங்கும்.

வண்டியின் சட்டகத்துக்கு 50×25 மி.மீ., 2 மி.மீ. தடிப்புள்ள பொக்ஸ் பார் போதும், மீற்றருக்கு 2.2 கிலோ வரும். மலிவாகக் கிடைக்கிறதென்று நாகம் (சிங்க்) பூசிய ஜி.ஐ. குழாயை அப்படியே ஒட்டினால் அந்தப் புகையில் இரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும். பூச்சை முதலில் உரசி எடுங்கள்.

பதிவில்லாத வண்டி என்பதால் ஏ9 வீதிப் பக்கம் தலைவைக்க முடியாது. காலபோக அறுவடைக்குப் பிறகு காய்ந்த வயலோ சொந்தக் கிரவல் காணியோ நல்லது; கண்ணிவெடி எச்சரிக்கையாக மண்டையோட்டுப் பலகை நட்ட பக்கம் எக்காரணம் கொண்டும் வேண்டாம். முதல் ஓட்டம் முடிந்ததும் சில்லுக்கம்பிகளைத் தட்டிப் பாருங்கள், மந்தமான ஓசை தருவதை இறுக்குங்கள். வன்னிப் புழுதியில் செயினுக்குத் தடித்த கிரீஸ் பூசினால் அது மண்ணோடு சேர்ந்து பல்லை அராவும். மெல்லிய எண்ணெய் விட்டு, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிட்டு ஓடுங்கள்.