பனில கருகின பாம் மரத்த அவசரப்பட்டு வெட்டாதீங்க

குளிர்காலம் முடியுற நேரத்துல எனக்கு வர்ற போட்டோ எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், மட்டை அத்தனையும் காஞ்சு பழுப்பா தொங்குற ஒரு பாம் மரம், கீழ "சார் இது போச்சா, வெட்டிடலாமா"ன்னு ஒரு வரி. நடுக்குருத்து எப்படி இருக்குன்னு நான் திருப்பி கேப்பேன். அத மட்டும் யாரும் போட்டோ எடுத்திருக்க மாட்டாங்க.

பாம் மரத்துல ஒரு தண்டுக்கு ஒரே ஒரு வளர்முனைதான். உச்சில மட்டைகளோட அடிப்பாகம் எல்லாம் சுத்தி மூடியிருக்க, அதுக்கு உள்ள அது இருக்கு. மத்த மரத்துல கிளை கருகினா பக்கத்துல இருந்து துளிர்க்கும், இதுல அந்த ஒரு முனை செத்தா தண்டே செத்த மாதிரி (அரேகா பாம் மாதிரி கொத்தா வர்றதுல அடில இருந்து வேற தண்டு கிளம்பும், அது விதிவிலக்கு). ஆனா இதுல நல்ல செய்தியும் இருக்கு, வெளிய விரிஞ்சு நிக்கிற ஓலைதான் முதல்ல அடி வாங்கும், உள்ள பொத்தி வெச்ச முனை பல சமயம் தப்பிச்சிருக்கும். அதனால ஓலை மொத்தமும் போனாலும் மரம் போச்சுன்னு அர்த்தம் இல்ல.

குருத்த ரெண்டு விரல்ல பிடிச்சு மெதுவா இழுத்துப் பாருங்க. கெட்டியா நின்னா ஒண்ணும் பண்ண வேணாம், ஒரு மார்க்கர் எடுத்து குருத்துலயும் பக்கத்து மட்டையிலயும் ஒரே மட்டத்துல கோடு போட்டு வையுங்க, குளிர் போய் வெயில் காலம் ஏறினப்புறம் குருத்துல இருக்கிற கோடு மேல போயிருந்தா மரம் வளருதுன்னு அர்த்தம். இழுத்ததும் குருத்து கையோட வந்து, அடிப்பக்கம் கொழகொழன்னு நாத்தம் அடிச்சா அது குருத்தழுகல். அப்பவும் கோடாலி எடுக்காதீங்க, அழுகல் முனை வரைக்கும் இறங்காம மேலயே நின்னிருக்கலாம். அழுகினத வழிச்சு எடுத்துட்டு, காப்பர் பூஞ்சைக்கொல்லிய லேபிள்ல போட்ட அளவுல கலந்து குருத்து இருந்த குழியில ஊத்துங்க, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை, அதோட நிறுத்திடுங்க. நல்லதுதானேன்னு மாசக்கணக்கா ஊத்துறவங்க இருக்காங்க, தாமிரம் சேர்ந்து போனா அதுவே இளங்குருத்த எரிச்சிடும். அந்தக் குழில மழைத்தண்ணி தேங்காம மேல ஏதாவது மறைச்சு விடுங்க.

அப்புறம் வர்ற முதல் மட்டை அசிங்கமாதான் வரும். குட்டையா, கசங்கி, நுனி பழுப்பா, பாதி ஓலை இல்லாம. குளிர் அடிச்சப்போ அது உள்ள உருவாகிட்டு இருந்த மட்டை, அடி அப்பவே பட்டாச்சு, புது நோய் எதுவும் வரல. ரெண்டு மூணு மட்டை போனா சரியான உருவம் வந்துடும்.

கருகின மட்டைய எப்ப வெட்டலாம்னா, இனிமே உறைபனி வராதுன்னு உறுதியானப்புறம். அதுவரைக்கும் அந்த காஞ்ச மட்டைதான் குருத்துக்கு போர்வை. கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கிறத அப்பவும் விட்டுடுங்க, தெம்பு இல்லாத மரத்துக்கு அந்த கால்வாசி பச்சைதான் சாப்பாடு போடுது.

நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, பாம் மரம் குளிருக்கு தப்பிச்சு வெயில் காலத்துலயும் சாகும். தண்டுக்குள்ள தண்ணி ஏத்துற குழாய்கள் ஒரு தடவை உருவானதுதான், மாமரம் மாதிரி வருஷா வருஷம் புதுசா சேர்த்துக்க பாமுக்கு கேம்பியம்ங்கிற வளர்திசு கிடையாது, அதனால குளிர்ல சேதமான குழாய் கடைசி வரைக்கும் சேதமானதுதான். இதமான பருவத்துல மிச்ச குழாய் சமாளிச்சிடும், முதல் கடும் வெயில் அடிச்சதும் ஓலை கேக்குற தண்ணிய ஏத்த முடியாம ஒரே வாரத்துல மொத்தமா தொங்கிடும், உடனே பூச்சி, நோய்னு மருந்து தேடி ஓடுவாங்க. அடிபட்ட மரத்துக்கு அந்த வருஷம் மண்ணு காயாம பாத்துக்கோங்க, அத விட்டா அதிகமா எதுவும் செய்ய முடியாது.

உரத்துக்கும் குளிருக்கும் சம்பந்தம் இருக்கு. பழைய மட்டையில ஆரஞ்சு மஞ்சளா புள்ளி விழுந்து நுனி கருகுனா அது பொட்டாசியம் பத்தாததோட அடையாளம், அப்படி இருக்கிற மரம் குளிர தாங்குறது கம்மி. புளோரிடா பல்கலைக்கழகம் அவங்க மண்ணுக்கு சொல்ற அளவு 8-2-12 (தழைச்சத்து, மணிச்சத்து, பொட்டாசியம், இந்த வரிசையில சதவீதம்), கூட 4 சதவீதம் மெக்னீசியம், மெதுவா கரையுற வகை. புல்லுக்கு போடுற தழைச்சத்து உரத்த அள்ளிப் போட்டா பொட்டாசியம் குறை இன்னும் மோசமாகும். குளிருக்கு முன்னாடி பச்சைப் பசேல்னு தளதளன்னு வளர வெக்கிறது பாக்க நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

ராத்திரி போர்வை போத்துறதுல ஒரு விஷயம். காத்து இல்லாம வானம் தெளிவா இருக்கிற ராத்திரில தரையில இருக்கிற சூடு மேல போயிடும், அத பிடிச்சு வெக்கத்தான் போர்வை, அதனால அது தரைய தொடணும். தலைய மட்டும் மூட்டை கட்டி தண்டோட இறுக்கி வெச்சா மண்ணு சூடு உள்ளயே வராது. துணி நல்லது, பிளாஸ்டிக் ஓலைல பட்ட இடம் கருகும், காலைல வெயில் வந்ததும் எடுத்துடணும். முதல் நாளே மண்ண நனைச்சு வையுங்க, ஈர மண்ணு பகல் சூட்ட அதிகமா பிடிச்சு வெக்கும். இதுவே குளிர்காத்தே ஊருக்குள்ள இறங்கி நாள்கணக்குல அடிச்சா வெறும் போர்வை பத்தாது, உள்ள சூடு வேணும். அதுக்கு பழைய குண்டு பல்பு சீரியல் லைட் போதும், எல்இடி சரம் அழகுக்குதான், அதுல சொல்லிக்கிற மாதிரி சூடு வராது. வெளிய போடுற ஒயரா, துணில பல்பு ஒட்டலையான்னு பாத்துக்கோங்க.

செடி வாங்குறப்போ லேபிள்ல போட்ட சோன் நம்பர (எவ்வளவு குளிர் வர்ற பகுதிக்கு அந்த செடி ஆகும்னு சொல்ற எண்) நம்பி ஏமாறுறவங்கதான் அதிகம். அமெரிக்க விவசாயத்துறையோட வரைபடத்துல சோன் 9னா -6.7ல இருந்து -1.1 டிகிரி, ஆனா அது 30 வருஷத்துல ஒவ்வொரு வருஷமும் வந்த மிகக் கொறஞ்ச வெப்பநிலையோட சராசரி, அதுக்கு கீழ போகவே போகாதுன்னு யாரும் சொல்லல. 2021 பிப்ரவரில டெக்சாஸ்ல வந்த குளிர்ல, வருஷக்கணக்கா ஜம்முனு நின்ன வாஷிங்டோனியா ரொபஸ்டாங்கிற பாம் மரங்கள் நிறைய செத்துப்போச்சு. டிகிரி மட்டும் பாத்தா போதாது, எத்தன மணி நேரம் நின்னுச்சு, மழையோட வந்துச்சா காஞ்ச குளிரா, அதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகும். ஈரக் குளிர் குருத்த அழுக வெச்சிடும். லிப்ஸ்டிக் பாம் அடி வாங்க உறைபனியே தேவையில்ல, அதுக்கு ரொம்ப மேல இருக்கிற வெப்பநிலையிலயே ஓலை கெட்டுடும்.

கவலை இல்லாம வெளிய நட விண்ட்மில் பாம் இருக்கு, வேர் பிடிச்ச மரம் -12 வரைக்கும் போனாலும் பொதுவா தாங்கும், நீடில் பாம் அதவிட கெட்டி. ராயல், பாட்டில், அரேகாதான் வேணும்னு மனசு கேட்டா தொட்டில வையுங்க, ஆனா தொட்டில வேருக்கு நாலு பக்கமும் குளிர் ஏறும், அதனால உறைபனிக்கு காத்திருக்காம ராத்திரி 10 டிகிரிக்கு வர்றப்பவே உள்ள எடுத்துடுங்க. ஹீட்டர் காத்து நேரா படாத வெளிச்சமான இடம், தண்ணி கம்மியா, வாரம் ஒருக்கா ஓலையோட அடிப்பக்கத்த ஈரத்துணில துடைச்சு விடுங்க, வீட்டுக்குள்ள காஞ்ச காத்துல சிலந்திப்பேன் அங்கதான் முதல்ல குடியேறும்.