கண்ணாடிக் கடற்பஞ்சுத் திட்டுகள்: வலை படாவிட்டாலும் வண்டல் படும்

கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிய ஹெகேட் நீரிணையிலும் குயின் சார்லட் சவுண்டு என்ற கடற்பகுதியிலும், பெரும்பாலும் 165 முதல் 240 மீட்டர் ஆழத்தில், கண்ணாடிக் கடற்பஞ்சுகள் (சிலிக்காவால் ஆன கூடு கொண்ட கடலடி விலங்குகள்) எழுப்பிய திட்டுகள் இருக்கின்றன. வயது ஏறத்தாழ 9,000 ஆண்டுகள். இத்தகைய திட்டுகளைப் புதைபடிவமாக மட்டுமே அறிந்திருந்த அறிவியலாளர்கள், 1980களின் பிற்பகுதியில்தான் இவற்றை உயிரோடு கண்டார்கள்.

அஃப்ரோகாலிஸ்டிஸ் வாஸ்டஸ், ஹெட்டரோகோன் கேலிக்ஸ், ஃபாரியா ஆக்கா ஆகிய மூன்று பஞ்சு இனங்களும் முக்கியமாக இவற்றைக் கட்டுகின்றன. இவற்றின் சிலிக்கா முட்கள் ஒன்றோடொன்று ஒட்டி இணைந்தவை. அதனால் பஞ்சு செத்தாலும் கூடு நிற்கும். அதன்மேல் இளம்பஞ்சு ஒட்டி வளரும். இடைவெளியைக் களிமண் நிரப்பும். முதல் பஞ்சுகள் வேர்பிடித்தது, பனியுகத்தின் மிதக்கும் பனிமலைகள் கடலடியை உழுது ஒதுக்கிய சரளை மேடுகளில்.

அடிமட்ட இழுவலை மோதினால் இவை நொறுங்கும் என்பது பலருக்கும் தெரியும். தெரியாதது, தூரத்தில் ஓடும் வலை கிளப்பும் வண்டல் செய்யும் கேடு. இந்தப் பஞ்சின் உடலில் பெரும்பகுதி, செல்களைப் பிரிக்கும் சவ்வுகள் இல்லாத ஒரே தொடர் திசு. நரம்பு கிடையாது, ஆனாலும் மின்துடிப்பு உடல் முழுக்கப் பரவும். வண்டல் பட்டதும் துடிப்பு கிளம்பி, நீர் இறைக்கும் கசையிழைகள் மொத்தமாக நின்றுவிடும். நீரில் வரும் பாக்டீரியாதான் அதன் உணவு. இறைப்பு நின்றால் உணவும் நின்றது. மற்ற பல பஞ்சுகளைப் போல உடலைச் சுருக்கி அழுக்கைத் தள்ள இதனால் முடியாது. கலங்கல் நீடித்தால் துளைகள் அடைபடும்.

கனடாவின் மேற்குக் கரையிலேயே உள்ள ஜார்ஜியா நீரிணையில் 2015இல் ஒன்பது திட்டுகளைச் சுற்றி, கடலடியைத் தொடும் மீன்பிடிப்புக்கு 150 மீட்டர் விலக்கு வைத்தார்கள். விலகி ஓடும் கருவியைத் தடுக்க அது உதவும். நீரோட்டத்தோடு வரும் சேற்றுக்கு அது மிகக் குறைவு என்பதே எங்கள் கருத்து. ஹெகேட் திட்டுகளுக்கு 2002இல் இழுவலைத் தடை வந்தது. 2017இல் அவை கடல் பாதுகாப்புப் பகுதி ஆயின. அதன் மையப் பகுதியில் நங்கூரமும் கூடாது.

படகோட்டிகள் கவனிக்க: சோனாரில் (ஒலியால் கடலடியை அறியும் கருவி) இத்திட்டு பலவீனமான எதிரொலியே தரும். வெறும் சேறு என்று எண்ணிவிடாதீர்கள். சுற்றிலும் வலுவான எதிரொலி, நடுவே மங்கலான மேடு என்றால் விலகுங்கள். இறால் பிடிக்கும் கூட்டில் வெளிறிய மஞ்சள் நிறத்தில், கையில் முள்ளாகக் குத்தும் துண்டுகள் வந்தால் கையுறை போட்டு எடுத்து, இடக்குறியீட்டையும் ஆழத்தையும் மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். அங்கே மீதி இறால் கூடுகளைப் பக்கவாட்டில் இழுக்காமல், படகை நேர் மேலே கொண்டுவந்து தூக்குங்கள்.

நீர்மூழ்கிக் கேமரா இயக்குவோர் நீரோட்டத்தை எதிர்த்தே திட்டை நெருங்க வேண்டும்; அப்போதுதான் விசிறி கிளப்பும் சேறு பின்னால் போகும்.