கண்ணாடிக்கு உள்ள பேனல் வெச்சா மீன்தான் நாறும்

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் வயரிங் கடை ஷட்டர பாதி இறக்கிட்டு சாப்ட உக்காந்தேன், ஒரு டெம்போ டிராவலர் வந்து கடை வாசல்ல நின்னுச்சு. பின் கதவத் தொறந்ததும் ஒரு நாத்தம் பாருங்க, காசிமேட்டுல பொறந்து வளந்த எனக்கே கொமட்டிடுச்சு. ஏலகிரிக்கு குடும்பத்தோட ரெண்டு நாள் டிரிப், போறதுக்கு முன்னாடி விடிகாலைல காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கி கழுவி மசாலா தடவி வேன்ல இருக்குற குட்டி ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு கெளம்பியிருக்காங்க, முதல் நாள் ராத்திரியே பேட்டரி படுத்துடுச்சு. "அண்ணே, சோலார் பேனல் இருக்குண்ணே, நாள் பூரா வெயில்லதான் நின்னுச்சு, பேட்டரிதான் டூப்ளிகேட் போல"ன்னார் அந்தத் தம்பி. பேனல் எங்கப்பான்னேன். முன் கண்ணாடிக்கு உள்ள, டேஷ்போர்டு மேல விரிச்சு வெச்சிருக்கார். மேல எலுமிச்சம்பழம் மொளகா மாலை தொங்குது, பக்கத்துல ஒரு புள்ளையார்.

இந்த ஒரு மாசத்துல மூணாவது வண்டி இது. அதான் எழுதுறேன். கடைல ஒவ்வொருத்தருக்கா சொல்லி தொண்டத்தண்ணி வத்திடுச்சு.

இப்ப நம்ம ஏரியாவுலயே நெறைய பேர் பழைய வேன வாங்கி பெட்டு போட்டு, ஃபேன் போட்டு, ஃப்ரிட்ஜ் வெச்சு ஊர் சுத்த கெளம்பிட்டாங்க. நல்ல விஷயம், நானே வயரிங் பண்ணிக் குடுக்குறேன். வண்டி ஸ்டார்ட் ஆகுற பேட்டரி தனி, உள்ள லைட்டு ஃபேனுக்கு ஓடுற பேட்டரி தனின்னு வெக்கிற வரைக்கும் எல்லாருக்கும் புரியுது. அந்த ரெண்டாவது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்த மடக்குற சோலார் பேனல் ஒண்ணு வாங்குறாங்க பாருங்க, அங்கதான் எல்லாம் சொதப்புது.

எனக்கு பத்திக்கிட்டு வர்ற டயலாக் ஒண்ணு இருக்கு. "அண்ணே, சென்னை வெயிலுக்கு கேக்கணுமா, கத்திரி வெயில்ல பேனல் கொதிக்குது, சார்ஜ் பிச்சுக்கிட்டு ஏறும்."

ஏறாது. பேனல் கொதிச்சா சார்ஜ் கொறையும். திரும்ப சொல்றேன், பேனலுக்கு வேணும்ங்கிறது வெளிச்சம், சூடு இல்ல. சோலார் வாட்டர் ஹீட்டர் வேற, சோலார் பேனல் வேற, ரெண்டையும் மாடில பக்கத்துல பக்கத்துல பாத்து பாத்து ரெண்டும் ஒரே ஜாதின்னு நம்ம ஆளுங்க முடிவு பண்ணிட்டாங்க. பேனல் பின்னாடி 100 வாட்ஸ்னு போட்டிருக்கே, அது 25 டிகிரில டெஸ்ட் பண்ண கணக்கு. சென்னைல 25 டிகிரி எப்ப வரும், மார்கழி விடிகாலைல வரும், அப்ப சூரியன் இல்ல. மே மாசம் மத்தியானம் வேன் தகரத்து மேல ஒட்டி வெச்ச பேனல் சுலபமா 65 டிகிரிக்கு போகும், 25-க்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் சுமாரா 0.4 சதவீதம் பவர் கழிச்சுக்கங்க, 40 டிகிரிக்கு 16 சதவீதம் போச்சு. 100 வாட்ஸ் பேனல் அங்கயே 84 ஆயிடுச்சு, இன்னும் அழுக்கு, வயர், கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சார்ஜ அளவா விடுற பெட்டி) எதையும் நான் கழிக்கவே இல்ல.

நம்பாதவங்களுக்கு கடைல ஒரு வேல காட்டுவேன். வெயில்ல கெடந்த பேனல்ல மீட்டர் வெப்பேன், 19 வோல்ட் சொச்சம் காட்டும். நெழலுக்கு எடுத்துட்டு வந்து பின்பக்கம் ஈரத்துணி போட்டு கொஞ்சம் ஆறவிட்டு திரும்ப அதே வெயில்ல புடிச்சா 20-ர தாண்டும். அதே பேனல், அதே சூரியன், அதே மீட்டர். அப்பவும் ஒருத்தர் "மீட்டர்ல கோளாறுண்ணே"ன்னார். என்னத்த சொல்ல. (ஆறட்டும்னு கொதிக்கிற கண்ணாடி பேனல் மேல குடத்துத் தண்ணிய ஊத்திடாதீங்க, விரிசல் விட்டா என்ன சொல்லக்கூடாது.)

அதனால பேனல வெயில்ல வைங்க, ஆனா அடில காத்து போகணும். தகரத்து மேல படுக்கப் போடாம ரெண்டு கட்டைய குடுத்து தூக்கி வைங்க, நாலு விரல் எடம் இருந்தா போதும். வேன வேப்ப மரத்தடில நிறுத்திட்டு பேனல மட்டும் வெளிய வெயில்ல வெக்கலாம், மடக்குற பேனல் வாங்குறதோட மொத்த பிரயோஜனமே அதுதான். அத வாங்கி கண்ணாடிக்கு உள்ள பூட்டி வெக்கிறதுக்கு வாங்காமலே இருந்திருக்கலாம்.

கண்ணாடிக்கு உள்ள வெச்சா என்ன ஆகும்னா, முதல்ல கண்ணாடியே கொஞ்சம் வெளிச்சத்த தின்னுடும், ஃபிலிம் ஒட்டியிருந்தா இன்னும் மோசம், மூடின வேன்குள்ள சூடு அடுப்பு மாதிரி ஏறும், அதோட நெழல். இந்த நெழல் விஷயத்த யாருமே மதிக்கிறதில்ல. பேனல் உள்ள செல் எல்லாம் வரிசையா ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணு இருக்கு. நம்ம தெருவுல தண்ணி லாரி வந்தா பொம்பளைங்க வரிசையா நின்னு குடம் கைமாத்துவாங்கல்ல, நடுவுல ஒரு ஆளு போன்ல பேசிட்டு நின்னா மொத்த வரிசையும் நிக்கும், அதே கதைதான். ஒரு பனியன் சைஸு நெழலுக்கு பாதி பவர் போயிடும். அந்தத் தம்பியோட பேனல்ல எலுமிச்சம்பழ மாலை நெழல் குறுக்க, புள்ளையார் நெழல் ஓரமா, வைப்பர் நெழல் கீழ. புள்ளையாரக் கொற சொல்ல முடியுமா.

"வெளிய வெச்சா தூக்கிட்டுப் போயிடுவாங்கண்ணே"ன்னார். அது நெஜம், ஒத்துக்குறேன். ஒரு சைக்கிள் செயின் பூட்டு வாங்கி பேனல் ஓரத்துல இருக்குற வளையத்துல விட்டு வேன் கம்பியோட பூட்டுங்க. 200, 300 ரூவா சமாச்சாரம்.

அடுத்தது கணக்கு. 100 வாட்ஸ் பேனல்னா மணிக்கு 100 வாட்ஸ் வீதம் காலைல 6-லருந்து சாயங்காலம் 6 வரைக்கும் 1200 வாட் மணி வரும்னு ஒருத்தர் பேப்பர்ல எழுதியே கொண்டாந்து காட்டினார். நல்ல வெயில் நாள்ல 300 கெடச்சா சந்தோஷப்படுங்க, 350 வந்தா சாமிக்கு தேங்கா ஒடைங்க. 12 வோல்ட் பேட்டரிக்கு அது 25 ஆம்பியர் மணி சொச்சம், அவ்ளோதான். ஐப்பசி கார்த்திகை மழைல அதுல பாதி கூட வராது. இப்ப அந்த மீன் ஃப்ரிட்ஜ எடுத்துக்குவோம், 45 வாட்ஸ் கம்ப்ரெஸர், நம்ம வெக்கைக்கு நாள்ல பாதி நேரம் ஓடும், 540 ஆச்சு. ராத்திரி ஒரு ஃபேன் ஓடினா இன்னொரு 200. வரவு 300, செலவு 740. மீன் நாறாம என்ன பண்ணும்? இதுல பேட்டரி மேல பழி வேற.

வாங்கும்போதே ஏமாந்துடுறாங்க, அது வேற கத. மடக்கினா நோட்டு சைஸு, விரிச்சா தினத்தந்தி சைஸு, மேல 300 வாட்ஸ்னு ஸ்டிக்கர். டேப் எடுத்து அளந்து பாருங்க. நேர் வெயில் ஒரு சதுர மீட்டர்ல சுமாரா 1000 வாட்ஸ் விழும், நல்ல பேனல் அதுல 20 சதவீதம் சொச்சம் எடுக்கும், அப்ப 100 வாட்ஸுக்கு அரை சதுர மீட்டர் வேணும், 300 வாட்ஸுக்கு ஒரு ஒத்தக் கட்டில் அளவு எடம் வேணும். நியூஸ்பேப்பர் எவ்ளோ பெருசுன்னு உங்களுக்கே தெரியும். லித்தியம் பேட்டரியும் அப்படித்தான், 12 வோல்ட் 100 ஆம்பியர் மணின்னா 10, 12 கிலோ இருக்கணும். 4 கிலோல ஒண்ணு கொண்டாந்தார் ஒருத்தர், கைல தூக்கினதுமே திருப்பிக் குடுத்துட்டேன், பில்லு வேணா பத்திரமா வெச்சுக்கங்கன்னு.

சரி, மெயின் மேட்டருக்கு வரேன், இதுலதான் காசும் போகும் உசுரும் போகும். 12 வோல்ட் பேனல், 12 வோல்ட் பேட்டரி, அப்ப முதலை கிளிப் போட்டு நேரா குடுத்தா என்னன்னு கேக்குறாங்க. 12 வோல்ட் பேனல்னு பேருதான், லோடு, அதாவது கரண்ட் இழுக்குற சாமான் இருக்கும்போது 18, சும்மா இருக்கும்போது 21, 22 வரைக்கும் நிக்கும். லெட் ஆசிட் பேட்டரி 14.4-க்கு மேல தாங்காது, உள்ள இருக்குற தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜன் கெளம்பும். லித்தியம்னா இன்னொரு கூத்து, உள்ள இருக்குற பிஎம்எஸ், அதாவது பேட்டரிய காவல் காக்குற சர்க்யூட், ஃபுல் ஆனதும் பட்டுனு கட் பண்ணிடும், கட் ஆனதும் பேனலோட 21 வோல்ட்டும் நேரா ஃப்ரிட்ஜுக்கும் லைட்டுக்கும் போகும். மூணுல ரெண்டாவது வண்டி அதுதான், எல்இடி ஸ்ட்ரிப் அத்தனையும் கருகி, ஃப்ரிட்ஜ் போர்டும் காலி. நடுவுல ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் இருந்திருந்தா தப்பிச்சிருக்கும், சாதா மாடல் சில நூறு ரூவாதான். பேனல்லருந்து முடிஞ்ச வரைக்கும் பவர கறந்து எடுக்குற எம்பிபிடி வகை வாங்குங்க, நல்லதுதான், ஆனா முதல்ல ஏதாவது ஒண்ண மாட்டுங்கப்பா.

மாட்டும்போது பேட்டரிய முதல்ல கன்ட்ரோலருக்கு குடுங்க, அப்புறம் பேனல். கழட்டும்போது பேனல முதல்ல. மாத்திப் பண்ணா சில கன்ட்ரோலர் அன்னிக்கே செத்துடும். லித்தியமா லெட் ஆசிடான்னு செட்டிங் இருந்தா அதையும் பாத்து வைங்க.

இன்னொண்ணு, பேனல் பின்னாடியே கன்ட்ரோலர் ஒட்டி வர்ற மாடல். அதுலருந்து 10 மீட்டருக்கு சல்லி வயர் இழுத்து வேனுக்கு குடுப்பாங்க. கன்ட்ரோலர் 14.4-னு நெனச்சுக்கிட்டிருக்கும், வயர்லயே ஒன்றரை ரெண்டு வோல்ட் போயிடும், பேட்டரிக்கு ஃபுல் சார்ஜ்ங்கிறது எட்டாக்கனி. கன்ட்ரோலர கழட்டி பேட்டரி பக்கத்துல வைங்க, நீள வயர் பேனல் பக்கம் போகட்டும், அந்தப் பக்கம் வோல்ட் தாராளமா இருக்கு. வயர் 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர் செம்பு) போடுங்க. 1 ஸ்கொயர் வயர எங்கிட்ட காட்டாதீங்க.

ஃபியூஸ். பேட்டரி ப்ளஸ்லருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள. பேனல் ஷார்ட் ஆனா 6 ஆம்பியர்தான் வரும், பேட்டரி ஷார்ட் ஆனா நூத்துக்கணக்குல வரும், வயர் செக்கச்செவேல்னு ஆயி மெத்தைல பத்திக்கும். அந்த மெத்தைலதான் நீங்க தூங்குறீங்க. வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்த பழைய டியூபுலர் பேட்டரிய கழட்டி பெட்டுக்கு அடில வெச்சுட்டு நாலு பேர் கதவ சாத்திக்கிட்டு தூங்குற வண்டியும் பாத்தேன், மூணுல முதல் வண்டி. மேடு பள்ளத்துல ஆசிட் தெறிக்கும், சார்ஜ் ஏறும்போது கேஸ் வரும், புள்ளைங்க தூங்குதுங்கய்யா அதுக்கு மேல. தயவு செஞ்சு அந்த பேட்டரிய தனி பெட்டில போட்டு வண்டிக்கு வெளிய காத்து போற மாதிரி குழாய் விடுங்க, இல்லன்னா அத வீட்டுலயே விட்டுட்டு சீல் பண்ண பேட்டரிக்கோ லித்தியத்துக்கோ மாறுங்க. காசு இல்லன்னா டிரிப்ப ரெண்டு மாசம் தள்ளிப் போடுங்க, ஏலகிரி எங்கயும் போயிடாது.

சார்ஜ் பாக்குறதுலயும் எல்லாரும் ஒரே தப்புதான் பண்றாங்க. பேனல் மாட்டியிருக்கும்போது மீட்டர் 13.5 காட்டுது, ஆஹா ஃபுல்லுன்னு கெளம்பிடுறாங்க. அது பேனல் தள்ளுற வோல்ட், பேட்டரியோடது இல்ல. பேனலயும் லோடையும் கழட்டிட்டு ரெண்டு மணி நேரம் விட்டு பாருங்க. லெட் ஆசிட்ல 12.7 ஃபுல்லு, 12.2 பாதி, அதுக்குக் கீழ எறங்க விடாதீங்க. காலியா நாள் கணக்குல போட்டு வெச்சா உள்ள தகடு உப்பு பூத்து கெட்டியாயிடும், அப்புறம் எந்த சூரியன் வந்தாலும் எழுப்ப முடியாது. லித்தியத்துக்கு இந்த வோல்ட் கணக்கு செல்லாது, அதுக்கு தனி மீட்டர் போடணும். லடாக், ஸ்பிட்டின்னு பறக்குற பசங்களுக்கு ஒரு வார்த்த, லித்தியத்த ஜீரோ டிகிரிக்கு கீழ சார்ஜ் பண்ணாதீங்க, செல் கெட்டுடும். திருவொத்தியூர்ல அந்தப் பிரச்சன இல்ல.

சாய்ச்சு வெக்கணுமான்னு கேப்பாங்க. சென்னைல ஏப்ரல் 24 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நடுவுல இருக்குற மாசம் மத்தியானத்துல லேசா வடக்கால போகும், அதனால கோடைல சும்மா படுக்க வைங்க. மார்கழி தைல மட்டும் தெக்கு பாத்து கொஞ்சம் தூக்குங்க. அத விட முக்கியம் தொடைக்கிறது. எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு பின்னாடி ஒரு நாள் ஓட்டினா போதும், பேனல் மேல கோலமே போடலாம், அவ்ளோ தூசி. காலைல சாதா தண்ணி, மெல்லிசு துணி. கடல் பக்கம் நிறுத்தி வெச்ச வண்டின்னா கனெக்டர்ல பச்சை பூத்திருக்கான்னு மாசம் ஒரு தடவ கழட்டிப் பாருங்க.

அந்த மீன் தம்பிக்கு பேட்டரிய ரெண்டு நாள் கடைலயே போட்டு சார்ஜ் ஏத்தினேன், நல்ல பேட்டரிதான், தப்பிச்சுது. மொத்தம் 200 வாட்ஸ் ஆகுற மாதிரி இன்னொரு பேனல் சேக்கச் சொல்லிட்டேன், வண்டி ஓடும்போது இன்ஜின்லருந்தும் ஏறுற மாதிரி ஒரு டிசி டிசி சார்ஜர் போடுறதா பேச்சு. நாத்தத்துக்கு என்ன பண்றதுண்ணேன்னு கேட்டார், அது என் லைன் இல்லப்பான்னுட்டேன்.

வண்டி கொண்டாரவங்க காலைல 11-க்கு முன்னாடி வாங்க, வெயில் இருக்கும்போதுதான் டெஸ்ட் பண்ண முடியும். வரும்போது பேனலயும் அதோட வயரையும் சேத்து எடுத்துட்டு வாங்க, பாதி பேர் வேன மட்டும் ஓட்டிட்டு வந்து பேனல் வீட்டுல இருக்குண்ணேங்குறீங்க.