ஓல்டு லேக்னா யாரு?

பிரிட்டிஷ் க்ரைம் சீரியல் பாக்கறவங்க 'ஓல்டு லேக்'னு ஒரு வார்த்தைய கேட்டிருப்பீங்க. ஒரு சப்டைட்டில்ல இதை 'பழைய தாமதம்'னு போட்டிருந்தாங்க, எனக்கு சிரிப்பு அடங்க கொஞ்ச நேரம் ஆச்சு. கேம் ஆடும்போது நெட்டு லேக் அடிக்குதே, அந்த லேக் இல்லீங்க இது. ஜெயிலுக்கு உள்ள போறது, வெளிய வர்றது, எதையாவது திருடிட்டு மறுபடி உள்ள போறதுன்னே காலத்த ஓட்டுற ஆளுதான் ஓல்டு லேக்.

16ஆம் நூற்றாண்டுல லேக்னா தூக்கிட்டுப் போறது, அதாவது திருடறது. அப்புறம் பிரிட்டன்ல கைதிங்கள கப்பல்ல ஏத்தி நாடு கடத்த ஆரம்பிச்சதும், திருடங்க பேச்சுல நாடு கடத்துறதுக்கும் அப்படிப் போனவனுக்கும் இதே பேரு ஒட்டிக்கிச்சு. 1811ல லண்டன்ல வந்த கொச்சைச் சொல் அகராதியில 'லேக் காய்ச்சல்'னு ஒண்ணு இருக்கு, ஜெயில்லேர்ந்து கப்பல் சிறைக்கு அனுப்பிடுவாங்கன்னு உடம்பு சரியில்லாத மாதிரி நடிக்கிறவன கிண்டல் பண்றது (பரீட்சை அன்னிக்கு நமக்கு வருமே வயித்து வலி, அதே கேஸ்தான்). ஆஸ்திரேலியாவுக்கு கடைசி கைதிக் கப்பல் போய்ச் சேந்தது 1868ல. கப்பல் நின்னாலும் வார்த்தை நிக்கல, உள்ளூர் ஜெயில்லயே தங்கிடுச்சு, தண்டனைக்கே 'லேகிங்'னு பேரு.

டேவிட் டேவிஸ்னு வேல்ஸ்காரர் ஒருத்தர் இருந்தார், இங்கிலாந்துல டார்ட்மூர் ஜெயில்ல கைதியா இருந்து ஜெயில் ஆடுகள மேச்சவர், ஒவ்வொரு ஆட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாராம். சர்ச் உண்டியல்ல 2 ஷில்லிங் எடுத்ததுக்கு 3 வருஷம் கடுங்காவல், அதுக்கு மேல, திருந்தாத குற்றவாளின்னு 1908 சட்டப்படி இன்னொரு 10 வருஷம்! உள்துறை அமைச்சரா இருந்த சர்ச்சில் இதப் பாத்துட்டு அவர விடுவிச்சு ஒரு பண்ணையில வேலையும் பாத்துக் குடுத்தா, மனுஷன் சில நாள்லயே அங்கேர்ந்து ஓடிட்டார், திரும்பவும் திருட்டுதான். அசல் ஓல்டு லேக்னா இவர்தான்.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? 'பழைய கைதி'ன்னா எப்பவோ உள்ள இருந்துட்டு வந்தவர்னு அர்த்தம் மாறிடும். 'சிறைப்பறவை' கேக்க நல்லா இருக்கு, ஆனா அது ஜெயில்பேர்டுங்கற வேற சொல்லுக்குத்தான் பொருந்தும் (ஜெயில்ங்கற வார்த்தையே லத்தீன்ல சின்னக் கூண்டுங்கற சொல்லுலேர்ந்து வந்தது, அதனால பறவை பொருத்தம்தான்). என் ஓட்டு 'வாடிக்கைக் கைதி'க்கு, கடைக்கு வாடிக்கையா வர்ற மாதிரி ஜெயிலுக்கு வர்றவர். பேச்சுல செல்லமா 'ஜெயில் பெருச்சாளி'ன்னும் சொல்லிக்கலாம்.

'கேடி'ன்னு போட்டா என்னன்னு சிலர் கேப்பீங்க. போலீஸ் ரெஜிஸ்தர்ல கே.டி.ன்னா 'நோன் டிப்ரடேட்டர்', அதாவது போலீசுக்குத் தெரிஞ்ச கொள்ளைக்காரன், அவன் வெளிய சுத்திட்டு இருந்தாலும் கேடிதான், இதுல ஜெயில் வாசனையே கிடையாது. அதுவும் போக, ஆடு மேச்ச அந்தக் கிழவரப் போய் கேடின்னு சொல்ல எனக்கு மனசு வரல.