‘இல்லை’ என்று விழுந்த ஒரு டிக்: ஒஜிப்வே பிள்ளைகளும் இக்வா சட்டமும்

ஒஜிப்வே என்ற அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி, ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றோரிடமிருந்து பிரித்த பிள்ளைகளை அரசு வேறு வீட்டில் வளர்க்க விடும் ஏற்பாட்டில், வீடு வீடாக மாற்றப்படுகிறாள். தன் சொந்தபந்தம் யாரென்றே தெரியாமல் வளர்கிறாள். அப்படியொரு மர்ம நாவலைப் படித்து அழுதுவிட்டு வந்த தோழி கேட்டாள்: “இந்தப் பிள்ளைகளுக்கென்றே அமெரிக்காவில் சட்டம் இருக்கிறதாமே, அப்புறம் எப்படி இப்படி?” சட்டம் இருக்கிறது, நல்ல சட்டமும்கூட. ஆனால் முதல் நாள் படிவத்தில் யாரோ போடும் ஒரு டிக்கில் அது தொடங்காமலே போய்விடும். அங்கே ஆசிரியராக, செவிலியராக, ஃபாஸ்டர் பெற்றோராக இருக்கும் தமிழர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

பெயர் இந்தியக் குழந்தை நலச் சட்டம், 1978. எல்லோரும் இக்வா (ICWA) என்பார்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்தும் பழங்குடியிலிருந்தும் பிரித்துவிடாமல் காப்பதே அதன் நோக்கம். (இங்கே ‘இந்திய’ என்றால் அமெரிக்கப் பூர்வகுடி. இந்தியாவிலிருந்து போன நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அதற்கு முன் பூர்வகுடிப் பிள்ளைகளில் 25 முதல் 35 சதவீதம் பேரைக் குடும்பத்திலிருந்து பிரித்திருந்தார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. வரலாறு இவ்வளவு போதும்.

முதல் பொறி, தகுதி. ரத்தத்தில் ஒஜிப்வே என்பது மட்டும் போதாது. 18 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளை அமெரிக்க மத்திய அரசு அங்கீகரித்த ஒரு பழங்குடியில் உறுப்பினராக இருக்க வேண்டும். அல்லது உறுப்பினராகும் தகுதியும் வேண்டும், பெற்ற தாயோ தந்தையோ உறுப்பினராகவும் இருக்க வேண்டும். இரண்டாவதில்தான் பலர் விழுகிறார்கள். பாட்டி உறுப்பினர், அம்மா பதிவே செய்யவில்லை என்றால், பிள்ளை தானே பதிவு செய்யாதவரை இக்வா வராது. மினசோட்டா மாநிலச் சட்டத்தில் பிள்ளைக்குத் தகுதி இருந்தாலே போதும். ஆகவே மாநிலச் சட்டத்தையும் கேளுங்கள். ஒஜிப்வேக்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவிலும் இருக்கிறார்கள். அங்குள்ள சமூகத்தில் மட்டும் பதிவான குடும்பத்துக்கு இக்வா கிடையாது.

அடுத்தது பெயர்க் குழப்பம். வீட்டில் தங்களை ‘அனிஷினாபே’ என்பார்கள். அரசுப் பட்டியலில் பெரும்பாலும் ‘சிப்பெவா’ என்றிருக்கும். அதுவும் ஒரே பழங்குடி அல்ல. மினசோட்டாவில் ரெட் லேக், லீச் லேக், ஒயிட் எர்த், விஸ்கான்சினில் பேட் ரிவர், மிச்சிகனில் பே மில்ஸ், சூ செயின்ட் மரீ என்று தனித்தனி அரசுகள். கேஸ் வொர்க்கர், அதாவது வழக்கைக் கவனிக்கும் குழந்தை நல ஊழியர், ஒரு இடத்துக்குக் கடிதம் போடுவார், “எங்கள் பதிவில் இல்லை” என்று பதில் வரும், இக்வா பக்கத்தை மூடிவிடுவார்கள். அடுத்த ஊருக்குக் கேட்க யாருக்கும் தோன்றாது.

மினசோட்டாவில் நான் பார்த்த ஒரு பாட்டி பதிவுத் தபாலின் பச்சை ரசீது அட்டையைக் கைப்பையிலேயே வைத்திருப்பார். குழந்தை நல ஊழியர்கள் பேத்தியைத் தூக்கிப் போன ராத்திரி, வாசலில் நின்று “நீங்கள் இந்தியரா?” என்று கேட்டார்களாம். பயந்துபோன மகள் ‘இல்லை’ என்றாள். டிக் விழுந்தது. ஏழு மாதம் கழித்துப் பாட்டியே பழங்குடி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி, மூடிய இக்வா பக்கத்தைத் திறக்க வைத்தார். அதற்குள், “பிள்ளை புது வீட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டாள்” என்றார்கள். அவர்கள் தாமதித்த மாதங்களையே பிறகு காரணமாகக் காட்டுவார்கள். சட்டத்தை மீறி வைத்த வீட்டில் நாள்பட இருந்ததால் வந்த ஒட்டுதலை மட்டும் காரணமாக்கக் கூடாது என்று இக்வாவுக்கான மத்திய அரசின் 2016 விதிகள் சொல்கின்றன. வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அதே 2016 விதிகளின்படி, ஒவ்வொரு வழக்கிலும் பிள்ளை பூர்வகுடியா என்று நீதிபதி கேட்டே ஆக வேண்டும். நம்ப இடமிருந்தால், வேறுவிதமாக முடிவாகும்வரை பூர்வகுடிப் பிள்ளையாகவே நடத்த வேண்டும். உறுப்பினரா இல்லையா என்று சொல்வது பழங்குடி மட்டுமே. கேஸ் வொர்க்கர் பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருக்காமல் தாத்தா பாட்டி பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊரை முதல் வாரத்திலேயே எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பழங்குடி அலுவலகத்துக்கு நீங்களே போன் போடுங்கள். ஃபாஸ்டர் கேர் வழக்கில் பழங்குடி எந்தக் கட்டத்திலும் தலையிடலாம்.

தாய்மார்களுக்கு ஒன்று: ஆஸ்பத்திரி வராந்தாவில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையை விட்டுக்கொடுக்க, அது பிறக்கும் முன்போ பிறந்து 10 நாளுக்குள்ளோ தந்த சம்மதம் செல்லாது. பிறகும் நீதிபதி முன்னிலையில் எழுத்தில் தர வேண்டும். தானாக ஃபாஸ்டர் கேரில் விட்டிருந்தால் எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதையும் எழுத்தில் செய்யுங்கள். பிள்ளையைக் கட்டாயமாகப் பிரிக்கும் வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் நீதிமன்றமே அமர்த்த வேண்டும்.

குடும்பம் பிரியாமலிருக்க “முயற்சி செய்தோம்” என்பார்கள், என்ன முயற்சி என்று கேளுங்கள். சிகிச்சை மையத்தின் போன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவது இக்வா கேட்கும் முயற்சி அல்ல. கூட இருந்து சேர்த்துவிடுவதுதான் அது.

பிள்ளையை வைக்க முதல் உரிமை உறவினருக்கு. “உங்கள் வீட்டில் அறை போதாது” என்று பாட்டியைத் திருப்பினால், அந்தச் சமூகத்தின் வழக்கத்தை வைத்தே வீட்டை அளக்க வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதைக் காட்டுங்கள். ஃபாஸ்டர் வீட்டுக்குப் பழங்குடி தரும் உரிமம் மாநில உரிமத்துக்குச் சமம்.

தத்துக் கொடுக்கப்பட்டு 18 வயது கடந்தவர்கள், தத்து ஆணை பிறப்பித்த நீதிமன்றத்தில் மனு போடலாம். பெற்ற தாய் தந்தையின் பழங்குடி எது என்பதை நீதிமன்றம் சொல்லியாக வேண்டும். “கோப்பைப் பார்க்க வேண்டும்” என்று மட்டும் எழுதினால், ரகசியம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். “இக்வாவின்படி பழங்குடி விவரமும் அந்த உரிமைகளுக்குத் தேவையான தகவலும் வேண்டும்” என்றே எழுதுங்கள்.