ஆறரை மணிக்கு வரும் அழைப்பு

குடியை விட்டு ஐந்து வாரம் ஆகியிருந்த ஒருவர், ஆறாவது வாரம் சனிக்கிழமை மறுபடி குடித்துவிட்டு, திங்கள்கிழமை காலை என் எதிரே வந்து உட்கார்ந்தார். மேலூர்ப் பக்கம் ஊர். லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் ஏற்றி, ஊருக்குள் இருக்கும் கடைகளில் சரக்கு இறக்குவது தொழில். (சரக்கு என்று சொன்னதும் அவரே தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். பாவம், அந்தச் சொல் இல்லாமல் அவரால் தொழிலைப் பற்றிப் பேச முடியாது.)

"என்ன நடந்துச்சு?"

"ஃப்ரெண்டு கூப்பிட்டான் மேடம். போயிட்டேன்."

பெரும்பாலும் கதை இந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருப்பார்கள், நானும் அதற்குமேல் தோண்ட மாட்டேன். அன்றைக்கு மழை, கூட்டம் இல்லை. "போனை எடுங்க, சனிக்கிழமையைப் பின்னாலிருந்து பார்ப்போம்" என்றேன்.

6.38-க்கு நண்பரின் அழைப்பு, இரண்டு நிமிடம். அதற்கு முன் 6.10-க்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மாப்ள, எங்கடா இருக்க?" அதற்கும் முன்னால், ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, இன்னொருவர் வைத்திருந்த ஸ்டேட்டஸைப் பார்த்திருக்கிறார். புரோட்டா, சால்னா, ஓரத்தில் ஒரு கிளாஸ். மதியம் மூன்று மணியிலிருந்து நாலரைக்குள் ஒரு கமிஷன் கடைக்காரருக்குப் பதினோரு தடவை போன் போட்டிருக்கிறார். வாடகைப் பாக்கி, சண்டை. ஜிபேயைத் திறந்தால் காலையில் ஒரு டீயும் பன்னும். அதற்குப் பிறகு சாப்பாட்டுக்குப் பணம் போன தடயமே இல்லை. முந்தைய இரவு யூடியூப் ஓடியது 1.40 வரை.

1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் நான்கு சொற்களை மந்திரம் மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. இந்த நான்கில் ஒன்று வந்தாலே உஷாராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் அனுபவம். இவருக்கு ஆறு மணிக்கு முன்பே மூன்று சேர்ந்துவிட்டன. நண்பர் கூப்பிட்டது கடைசிப் படி. முதல் படி முந்தைய நாள் இரவிலேயே, கட்டிலில், அந்தச் சின்னத் திரையில் ஆரம்பித்துவிட்டது.

நான் மனநல சமூகப் பணியாளர். மருந்து எழுதுவது மருத்துவர் வேலை. உட்கார்ந்து பேசுவது என் வேலை. இங்கே வரும் ஆட்களும் ஊர்களும் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டவை, இரண்டு மூன்று பேரின் கதையை ஒருவர் வாயில் வைத்திருக்கிறேன். மதுரையில் பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். ஆரம்பத்தில் குடியைப் பற்றிப் பேசும்போது யாரிடமும் போனைப் பற்றிக் கேட்டதில்லை. இப்போது கேட்காமல் விடுவதில்லை.

எங்கள் பக்கம் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். வருடம் முழுக்கக் குடிப்பவர் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடவே மாட்டார். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடையில் நிற்பார். வீட்டுப் பெண்கள் இதைச் சொல்லித்தான் என்னிடம் அழுவார்கள்: "சாமிக்காக முடியுது, எங்களுக்காக முடியாதா மேடம்?" பக்தி ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் மாலை போட்டவரின் சாயங்காலத்தைக் கவனித்துப் பாருங்கள். ஆறு மணிக்குக் குளியல், விளக்கு, பஜனை, பிறகு பலகாரம், தரையில் பாய். எல்லோரும் சாமி என்று கூப்பிடுகிறார்கள். முக்கியமாக, பழைய கூட்டாளிகள் அந்த நாட்களில் போன் செய்வதில்லை. "சாமி மாலையில இருக்கு, தொந்தரவு பண்ணாதீங்கடா" என்று அவர்களே விலகிக்கொள்கிறார்கள். அந்த ஆறரை மணியை ஊரே சேர்ந்து காவல் காக்கிறது. கழற்றியதும் காவலும் போய்விடுகிறது, போன் அடிக்கிறது.

இதோடு ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். தினமும் காலையிலிருந்தே குடித்துப் பழகியவர் மாலை போட்டோ, சத்தியம் செய்து கயிறு கட்டியோ, ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை சில மணி நேரத்திலேயே தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பி, இல்லாததைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் அது உயிர்போகும் நிலை. கார்த்திகை முதல் வாரத்தில் கழுத்தில் துளசி மணியோடு வலிப்பில் தூக்கிவரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்டவர்களுக்கு முதல் வாரம் மருத்துவர் கண்காணிப்பில்தான் போக வேண்டும். பி1 வைட்டமினும் மற்ற மருந்துகளும் அப்போது தேவைப்படும். அதற்குப் பிறகுதான் நாம் பேசும் விஷயமெல்லாம்.

சரி, அந்த ஐந்து வாரக்காரரிடம் வருவோம். "பட்டன் போன் வாங்கிக்கட்டுமா?" என்று அவராகவே கேட்டார். சிலருக்கு அது முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு நன்றாகவே உதவுகிறது. இவருக்கு ஆகாது. லோடு வாட்ஸ்அப்பில் வருகிறது, வாடகை ஜிபேயில் வருகிறது. போனைத் தூக்கிப் போட்டால் பிழைப்பும் போய்விடும். அதனால் போனை வைத்துக்கொண்டே, அதை யார் நடத்துவது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது.

அந்த மேசையிலேயே உட்கார்ந்து நாற்பது நிமிடம் செலவழித்தோம். முதலில் குரூப். வெளியேறினால் அவமானம், "பெரிய மனுசன் ஆயிட்டான்" என்பார்கள் என்று பயந்தார். 2022-லிருந்து வாட்ஸ்அப் குரூப்பை விட்டு நீங்கினால் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும், எல்லோருக்கும் அறிவிப்பு வராது. அதைச் சொன்ன பிறகும் மனம் வரவில்லை. சரி, ஆர்க்கைவ் செய்து, நிரந்தரமாக மியூட் போட்டோம். யார் வேண்டுமானாலும் புதிய குரூப்பில் இழுத்துப் போடுவதைத் தடுக்க பிரைவசியில் ஒரு வசதி இருக்கிறது, அதையும் மாற்றினோம். நான்கு பேருடைய ஸ்டேட்டஸை மியூட் செய்தார். யார் அந்த நால்வர் என்று நான் கேட்கவில்லை. விரல் தானாகவே போய் நின்றது.

அப்புறம் அந்த 6.38. ஆண்ட்ராய்டு போன்களில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதியும், குறிப்பிட்ட நேரத்தில் தானாகவே அழைப்புகளை அமைதியாக்கும் வசதியும் இருக்கின்றன. மனைவி, அண்ணன், மார்க்கெட்டில் இரண்டு கடை, இந்த நான்கு எண்ணைத் தவிர மாலை ஆறிலிருந்து எட்டு வரை வேறு எதுவும் ஒலிக்காதபடி வைத்தோம். அழைப்பு வந்திருப்பது எட்டு மணிக்குத் தெரியும். அதற்குள் சாப்பிட்டிருப்பார், குளித்திருப்பார். குடிக்க வேண்டும் என்ற அந்தத் தவிப்பு பெரும்பாலும் பதினைந்து இருபது நிமிடம் உச்சத்தில் நின்றுவிட்டு இறங்கிவிடும். அந்த நேரத்தைத் தாண்ட ஏதாவது ஒரு தடை போதும். கூகுள் கணக்கில் விளம்பர அமைப்புக்குள் போனால் மது, சூதாட்டம் ஆகிய இரண்டு வகை விளம்பரங்களையும் குறைத்துக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரியாது. கூகுள் போட்டோஸ் திடீரென்று "நான்கு ஆண்டுகளுக்கு முன்" என்று கொடைக்கானல் பார்ட்டி படத்தை நீட்டும். அந்தத் தேதியையும் மறைக்கச் சொல்லலாம்.

பணத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி என்னுடையதை விட நல்லது. பழைய, கிட்டத்தட்ட காலியான ஒரு வங்கிக் கணக்கை மட்டும் யுபிஐயில் வைத்துக்கொண்டு, சம்பாத்தியக் கணக்கை அதிலிருந்து எடுத்துவிட்டார். டீ, டீசல், சாப்பாடு அளவுக்குப் பணத்தை அதில் மாற்றி வைப்பது மனைவி. "முன்னாடி பையில காசு இல்லேன்னா கடைப் பக்கம் போக முடியாது மேடம். இப்ப பையில எப்பவுமே பேங்க் இருக்கு."

இந்த இடத்தில் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை. போனைப் பிடுங்கி வைப்பது, தூங்கும்போது விரல் வைத்துத் திறந்து பார்ப்பது, அவருக்குத் தெரியாமல் லொக்கேஷன் போட்டு வைப்பது, இதெல்லாம் நடக்கிறது. ஏன் செய்கிறீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. பத்து வருடம் ஏமாந்தவர்களுக்கு நம்பிக்கை ஒரே மாதத்தில் வராது. ஆனால் திருட்டுத்தனமாகப் பார்ப்பது தெரிந்துவிட்டால் அன்றைக்கே குடிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். அதைவிட, அவரே ஒப்புக்கொண்டு, அவர் கையாலேயே லொக்கேஷனை ஆன் செய்து கொடுப்பது தேறும். அமைப்புகளை நான் யாருக்கும் மாற்றித் தருவதில்லை. எங்கே இருக்கிறது என்று காட்டுவேன், அழுத்துவது அவர்கள். அடுத்தவர் போட்ட பூட்டை உடைக்கத்தான் தோன்றும்.

இன்னொன்று, இது மனைவிமாரின் போனில் வருவது. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், ஏழே நாளில் குடியை வெறுப்பார்" என்று ஃபேஸ்புக்கில் பவுடர் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் மாதிரி மருந்து அதில் கலந்திருந்து, அவர் அது தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தை மருத்துவர்களும் கொடுப்பதுண்டு, நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகு.

குடி போய் அந்த இடத்தில் போன் வந்து உட்கார்ந்துகொள்வதும் நடக்கிறது. மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். எட்டு மாதமாகக் குடிக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவர் கண்கள் மட்டும் பழையபடி சிவப்பு. இரவு இரண்டு வரை ரீல்ஸ். நடுவில் ரம்மி வேறு. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து மத்திய அரசு சட்டம் கொண்டுவந்த பிறகு அது நின்றது; ஆனாலும் டெலிகிராமில் ஏதோ ஒரு லிங்க் வந்துகொண்டுதான் இருக்கிறது என்றார். போனை அதிகம் பார்ப்பவரையெல்லாம் அடிமை என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் அடிமைத்தனம் இருக்கிறது. போன் பார்ப்பது என்று தனியாக ஒரு நோய் இல்லை. ஆனால் குடியை விட்டவருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம், தூக்கம் சரியாக வராது. தூக்கம் வராதவர் கையில் போனைக் கொடுத்தால் என்ன ஆகும்? கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வரும் அந்தத் திரையை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். பாட்டிலுக்காவது அடி உண்டு.

இவருக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொண்டு, போனை ஹாலில் சார்ஜில் போடுங்கள். மூன்று முறை சொல்லியும் செய்யவில்லை. நான்காவது முறை சொல்லிக்கொண்டிருந்தபோது என் போன் மேசையில் ஒளிர்ந்தது, நான் ஒரு கண் அதைப் பார்த்துவிட்டேன். "நீங்களே பாக்குறீங்களே மேடம்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து ஆள் உள்ளே வரும்போது என் போன் மேசை டிராயருக்குள் போகிறது. அவரும் அந்த வாரமே கடிகாரம் வாங்கிவிட்டார்.

போன் எதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தவிப்பு வரும் நேரத்தில் கூப்பிட ஒரு எண், முதல் திரையிலேயே இருக்க வேண்டும்: குடியை விட்டு வருடக்கணக்கில் ஆன ஒருவரின் எண். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் ஆன்லைனிலும் நடக்கின்றன, கூட்டத்துக்குப் போகக் கூச்சப்படுபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. போதைப் பழக்கத்துக்கென்றே உள்ள தேசிய உதவி எண் 14446.

மேலூர்க்காரர் அதற்குப் பிறகு இன்னொரு தடவை சறுக்கினார். தீபாவளிக்கு. மறுநாளே வந்துவிட்டார், போனைத் தானே எடுத்து நீட்டினார். இப்போது நான்கு மாதம் ஆகிறது.

ஜவுளிக்கடைக்காரர் தன் ஆறரை மணிக்கு ஒரு இடம் கண்டுபிடித்திருக்கிறார். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018-லிருந்து போன் கொண்டுபோக அனுமதி இல்லை. அந்த வருடம் பிப்ரவரியில் தீ விபத்து நடந்த பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போட்ட உத்தரவு அது. கடையிலிருந்து நடந்து வந்து, போனை வெளியே கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, பொற்றாமரைக் குளத்துப் படியில் ஒரு மணி நேரம் உட்கார்கிறார். "சாமி கும்பிடுவீங்களா?" என்றேன். "சில நாள் கும்பிடுவேன். சில நாள் சும்மா தண்ணியப் பாத்துட்டு இருப்பேன். டோக்கன் கையில இருக்கற வரைக்கும் என்னைய யாரும் கூப்பிட முடியாதுல்ல." ஏழே முக்காலுக்குப் போனைத் திரும்ப வாங்கினால் இரண்டு மிஸ்டு கால் இருக்குமாம். ஒன்று வீட்டுக்காரம்மா, ஒன்று பழைய கூட்டாளி. வீட்டுக்கு மட்டும் திருப்பிக் கூப்பிடுவார். வரும்போது தோசை மாவு வாங்கி வரச் சொல்லியிருப்பார்கள்.